ராணிப்பேட்டை ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் காட்பாடியிலிருந்து எஸ்எஸ்எச்: சாவியும் ஏற்கவில்லை, இணைப்பும் கிடைக்கவில்லை

காட்பாடி_கேட்:
ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி ஆபீஸ். பில்லும் ஸ்டாக்கும் உபுண்டு 24.04 லினக்ஸ் போட்ட ஒரு கம்ப்யூட்டரில் ஓடுகின்றன. அதைக் காட்பாடி வீட்டிலிருந்து, எஸ்எஸ்எச் (தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம், விண்டோஸ் 11 லேப்டாப்பில் பட்டி 0.74 வைத்துத் திறக்க வேண்டும். (சுவருக்குப் பார்க்கிற பட்டி இல்லை, டெர்மினல் மென்பொருள்.)

ஆபீஸ் வைஃபைக்குள் இருந்தால் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போக முடிகிறது. பட்டியோடு வரும் பட்டிஜென்னில், பாஸ்வேர்டுக்குப் பதிலாக 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி செய்து போட்டால் ‘சர்வர் ரெஃப்யூஸ்டு அவர் கீ’ என்கிறது. வீட்டிலிருந்து அந்த அளவுக்குக்கூடப் போவதில்லை, ‘கனெக்ஷன் டைம்டு அவுட்’. ரவுட்டரில் எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் போர்ட்டைத் திறந்து விட்டாயிற்று. ரவுட்டர் காட்டும் இணைய முகவரி 100.72 என்று தொடங்குகிறது. பசங்க ஃபைல் எடுக்க வசதியாக ஹோம் ஃபோல்டருக்கு 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம்) கொடுத்திருக்கிறோம். அதுதான் காரணமா?

பாலாற்று_மணல்:
அதுவும் ஒரு காரணம். உங்கள் ஹோம் ஃபோல்டரில் மற்றவர்களும் எழுதலாம் என்றால், சாவிப் பட்டியலை யாரும் மாற்றிவிடலாம் இல்லையா? அதனால் சர்வர் அந்தப் பட்டியலைப் படிக்கவே படிக்காது. பட்டி இதைச் சொல்லாது. சர்வர் பக்கம் ‘ஜர்னல்சிடிஎல் மைனஸ் யூ எஸ்எஸ்எச்’ ஓட்டினால் ‘பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்’ என்ற வரி இருக்கும். (ஃபோனில் தட்டுகிறேன், கமாண்டெல்லாம் தமிழில்தான் வரும். நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.)

ஹோம் ஃபோல்டருக்கு 750, டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, சாவிப் பட்டியலான ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலுக்கு 600. மூன்றும் உங்கள் யூசர் பெயரில் இருக்க வேண்டும், ரூட் (நிர்வாகி) பெயரில் அல்ல. பசங்களுக்கான ஃபைல்களை ஹோமுக்கு வெளியே தனி ஃபோல்டரில் வையுங்கள்.

இன்னொரு இடறல்: பட்டிஜென்னில் ‘சேவ் பப்ளிக் கீ’ அழுத்திக் கிடைக்கும் ஃபைலை அப்படியே சர்வரில் போடாதீர்கள். அது பல வரியாக இருக்கும், சர்வரில் ஓடும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச் அதைச் சாவியாக எடுத்துக்கொள்ளாது. ஜன்னலின் மேல் பெட்டியில் இருப்பதை முழுவதும் காப்பி செய்து ஒரே வரியாக ஒட்டுங்கள். நடுவில் வரி உடைந்தாலும் கதை முடிந்தது.

கோட்டை_அகழி:
777ஐ மட்டும் சரிசெய்தால் திறக்காது அண்ணா, பட்டி 0.74ஐயும் மாற்ற வேண்டும். ஆர்எஸ்ஏ சாவிக்கு அது பழைய எஸ்எச்ஏ 1 முறையில்தான் கையெழுத்துப் போடும். ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8, அதாவது 2021 முதல் அந்த முறை இயல்பாக மூடப்பட்டிருக்கிறது. உபுண்டு 24.04இல் இருப்பது 9.6. பட்டிக்குப் புதிய முறை வந்தது 0.75இல்.

அதற்காக 0.75இல் நின்றுவிடாதீர்கள். 0.68 முதல் 0.80 வரை இன்னொரு ஓட்டை: பி521 வகை இசிடிஎஸ்ஏ சாவியாக இருந்தால், சுமார் 60 கையெழுத்து கிடைத்தாலே ரகசியச் சாவியைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். 2024 ஏப்ரலில் வந்த 0.81இல்தான் அடைத்தார்கள். அந்த வகைச் சாவி வைத்திருந்தவர்களுக்கு அப்டேட் மட்டும் போதாது, சாவியையே தூக்கிப் போட வேண்டும். உங்களுடையது ஆர்எஸ்ஏ, தப்பித்தீர்கள். புதிதாகச் செய்வதை ஈடி25519 வகைச் சாவியாகவே செய்யுங்கள், பாஸ்ஃப்ரேஸும் (சாவிக்கே ஒரு பாஸ்வேர்டு) போடுங்கள்.

டவுன்லோடு செய்வது பட்டியை எழுதிய சைமன் டாத்தமின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும். தேடலில் முதலில் வருவதெல்லாம் அவருடையதல்ல.

மலைரோடு_22:
டைம் அவுட் விஷயத்துக்கு வருகிறேன். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி உங்களுக்கே உரியதல்ல. இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கிறது. ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வருகிறவன் தெருமுனையிலேயே நின்றுவிடுவான்.

நிலையான பொது முகவரி கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் சின்னதாக ஒரு வாடகை சர்வர் எடுத்து, ஆபீஸ் கம்ப்யூட்டரே அதற்கு எஸ்எஸ்எச் போட்டுக்கொண்டு நிற்கட்டும்: ‘எஸ்எஸ்எச் மைனஸ் பெரிய என், மைனஸ் பெரிய ஆர் 2222:லோக்கல்ஹோஸ்ட்:22’, பிறகு வாடகை சர்வரின் யூசரும் முகவரியும். இதைச் சிஸ்டம்டி சர்வீஸாக (பின்னணியில் தானே ஓடும்படி) வைத்து ‘சர்வர் அலைவ் இன்டர்வல்’ 30, ‘எக்ஸிட் ஆன் ஃபார்வர்டு ஃபெயிலியர்’ யெஸ் கொடுங்கள். இரண்டாவதை விட்டால், லைன் அறுந்து மறுபடி சேரும்போது பழைய இணைப்பு 2222ஐ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். புதிய இணைப்பு உயிரோடு இருப்பதுபோல் தெரியும், ஆனால் உள்ளே போக வழி இருக்காது.

அந்த 2222 இயல்பாக வாடகை சர்வருக்கு உள்ளே மட்டும்தான் கேட்கும். நல்லதுதான், அதை ஊருக்குத் திறக்காதீர்கள். வீட்டிலிருந்து விண்டோஸ் 11இலேயே இருக்கும் எஸ்எஸ்எச்சில் ‘மைனஸ் பெரிய ஜே’ கொடுத்து, வாடகை சர்வர் வழியாக லோக்கல்ஹோஸ்ட் 2222க்குப் போங்கள். பட்டிதான் வேண்டுமென்றால் 0.77 முதல் ப்ராக்ஸி பக்கத்தில் இதே வசதி உண்டு.

கரண்ட் நிறுத்தும் நாளுக்காக, பயோஸில் மின்சாரம் திரும்பியதும் தானே ஆன் ஆகும்படி வையுங்கள். இல்லையென்றால் ஸ்விட்ச் போட யாராவது ராணிப்பேட்டைக்கு பஸ் ஏற வேண்டும்.

காட்பாடி_கேட்:
பட்டியை மாற்றி, 750 வைத்து, ஈடி25519 போட்டதும் ஆபீஸுக்குள் சாவி வேலை செய்கிறது. நன்றி அண்ணா. வாடகை சர்வர் நாளைக்கு. இப்போதே பாஸ்வேர்டு நுழைவை மூடிவிடலாமா? வெளியிலிருந்து முதல் முறை வரும் ஃபிங்கர்பிரிண்ட் (சர்வரின் அடையாளம்) கேள்விக்கு யெஸ் கொடுத்துவிடலாமா?

கோட்டை_அகழி:
கண்ணை மூடிக்கொண்டு யெஸ் கொடுக்காதீர்கள். ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போதே ‘எஸ்எஸ்எச்-கீஜென் மைனஸ் எல்எஃப்’ கொடுத்து, இடிசி எஸ்எஸ்எச் ஃபோல்டரில் இருக்கும் ஈடி25519 ஹோஸ்ட் சாவியின் டாட் பப் ஃபைலுக்கு எஸ்எச்ஏ256 எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வருவது அதேதானா என்று ஒப்பிடுங்கள்.

பாஸ்வேர்டை மூடுவது கடைசி வேலை, அதுவும் ஆபீஸில் இருக்கும்போது. ஒரு ஜன்னலைத் திறந்தே வைத்துவிட்டு, சர்வரின் எஸ்எஸ்எச்டி கான்ஃபிக் ஃபைலை மாற்றி, ‘எஸ்எஸ்எச்டி மைனஸ் டி’ சின்ன எழுத்தில் ஓட்டி எழுத்துப்பிழை பார்த்து, ரீஸ்டார்ட் செய்து, வேறொரு ஜன்னலில் நுழைந்து பாருங்கள். நுழைந்த பிறகுதான் முதல் ஜன்னலை மூடலாம்.

மூடிய பிறகும் பாஸ்வேர்டு கேட்டால், எஸ்எஸ்எச்டி கான்ஃபிக் டாட் டி ஃபோல்டரில் 50 என்று தொடங்கும் க்ளவுட்இனிட் ஃபைல் இருக்கிறதா பாருங்கள். முதலில் படிக்கப்படும் வரிதான் செல்லும், அந்த ஃபைல் உங்கள் வரிக்கு முன்னாலேயே படிக்கப்பட்டுவிடும். ‘எஸ்எஸ்எச்டி மைனஸ் டி’ பெரிய எழுத்தில் கொடுத்தால் உண்மையில் எது நடப்பில் இருக்கிறதென்று காட்டும்.