கத்திரி வெயில், தட்டட்டித் தகரக் கொட்டகை, ரெண்டு நாய்: என்ன செய்யலாம்?

பாளைவாசி:
பாளையங்கோட்டையில் மாடி வீடு. தட்டட்டியில, அதாவது மொட்டை மாடியில, தகரக் கொட்டகை போட்டு 34 கிலோ லேப்ரடார் ஒண்ணு, 11 மாசக் கன்னி (நம்ம நாட்டு வேட்டை நாய்) ஒண்ணு கட்டியிருக்கு. லேப் பகல் முழுக்க நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்குது, சாப்பாடும் பாதியாயிட்டு. கன்னி பரவாயில்லை. மே 4 வாக்குல கத்திரி தொடங்கிரும். டேபிள் ஃபேன் ஓடுது, அது போதுமா? லேபுக்கு முடியை ஒட்ட வெட்டிரலாமா? உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாமா? விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க.

ஓலைத்தட்டி:
தம்பி, முதல்ல ரெண்டையும் கீழே இறக்குங்க. தகரம் பகல்ல காயும், காங்கிரீட் தளம் ராத்திரி 9 மணி வரைக்கும் வெக்கையைக் கக்கும். நடுவுல மாட்டுன நாய்க்கு எந்த நேரமும் ஓய்வு கிடையாது. தார்சாவோ (வீட்டு வராந்தா) மாடிப்படிக்கு அடியிலயோ இடம் இருந்தா அதுதான் நல்லது.

வெறும் ஃபேன் நாய்க்குப் பிரயோசனம் இல்லை. நமக்கு வியர்வை காயும்போது உடம்பு குளிரும். நாய்க்குப் பாதத்துல மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும், மத்ததெல்லாம் நாக்கு வழியாத்தான். அதனால வயிறு, தொடை இடுக்கு, பாதம் மூணையும் நனைச்சுவிட்டு அப்புறம் ஃபேன் காட்டுங்க. நம்ம பக்கத்துக் காத்து காய்ஞ்ச காத்து, ஈரம் சீக்கிரம் இழுத்துரும், நல்லா குளிரும். உவரி, திருச்செந்தூர் மாதிரி கடற்கரை ஊர்னா அந்த அளவுக்குக் கேக்காது. சன்னலைச் சாத்திட்டு ஈரச்சாக்கு விரிச்சா அறைக்குள்ள புழுக்கம்தான் மிஞ்சும்.

ஒண்ணு கவனிங்க. மத்தியானம் 2 மணிக்கு சின்டெக்ஸ் தொட்டிக் குழாயைத் திறந்தா முதல்ல வர்ற தண்ணி கை பொறுக்காது. அதை வாளியில பிடிச்சு ஓரமா வச்சிருங்க, குளிர்ந்ததும் செடிக்கு ஊத்தலாம். பின்னால வர்ற தண்ணியை உங்க கையில விட்டுப் பார்த்துட்டு நாய் மேல ஊத்துங்க.

குடிக்க 34 கிலோவுக்குச் சாதாரண நாள்ல 2 லிட்டர் வரை ஆகும், இந்த வெயிலுக்கு அதுக்கு மேலயும் போகும். அகலமான மண்தொட்டி ரெண்டு, வேற வேற இடத்துல வைங்க. ஒண்ணைத் தட்டிவிட்டாலும் இன்னொண்ணு இருக்கும். தினமும் தேய்ச்சுக் கழுவலைன்னா பாசி பிடிச்சுரும், கொசுப்புழு வந்துரும்.

இறக்கவே வழியில்லைன்னா, தகரத்துக்கு மேல ஒரு அடி இடைவெளி விட்டு பனை ஓலைத்தட்டி கட்டுங்க. ஓலை தகரத்தோட ஒட்டிக் கிடந்தா சூடு கீழே இறங்கிரும், நடுவுல காத்து ஓடணும். மேற்குப் பக்கமும் மறைப்பு வேணும், சாயங்கால வெயில் அங்கேதான் அடிக்கும்.

கன்னிக்கொடி:
கன்னி, சிப்பிப்பாறை எல்லாம் கரிசல் காட்டு நாய், வெயில் தாங்கும்னு பேசுறது பாதிதான் சரி. நிழல் நகர நகர அதுவும் எந்திரிச்சு நகர்ந்து படுக்கும், மண்ணைத் தோண்டி ஈரத்துல வயித்தை வைக்கும். சங்கிலியில கட்டிட்டா அது முடியாது. காலையில நிழலா இருந்த இடம் 11 மணிக்கு வெயிலாயிரும், கட்டுன நாய் அங்கேயே கிடந்து வேகும். பகல்ல கட்டாதீங்க, கதவைச் சாத்தி அவிழ்த்துவிடுங்க. ஓட்டப் பழக்கமெல்லாம் காலை 6.30க்குள்ள முடிக்கணும். தார்ரோட்டுல புறங்கையை 7 விநாடி வைக்க முடியலைன்னா நாயோட பாதமும் வைக்கக் கூடாது.

லேபுக்கு மொட்டை வேண்டாம். உள்முடி, மேல்முடி ரெண்டும் சேர்ந்துதான் வெயிலைத் தடுக்குது. தினமும் சீவி உதிர்ற உள்முடியை எடுத்துவிட்டா போதும். யாராவது ராஜபாளையம் நாய் வச்சிருந்தா அதோட மூக்கையும் காது நுனியையும் பாருங்க. தோல் இளஞ்சிவப்பு, வெயில்ல வெந்து உரியும்.

உப்புக் கரைசல் தேவையில்லை. வியர்வையில உப்பு போகாத உயிருக்குப் பச்சைத்தண்ணியே சரி. தோல் நீக்கின நுங்கு ஒண்ணு ரெண்டு கொடுக்கலாம். வெங்காயம் போட்ட மோர், திராட்சை ரெண்டும் ஆகாது. சாப்பாடு காலை 7க்கு முன்னாடி, ராத்திரி 8க்கு மேல.

பாளைவாசி:
நன்றி அண்ணாச்சி, நாளைக்கே தார்சாவுக்கு மாத்திருதேன். ரொம்ப முத்திப்போனா எப்படித் தெரியும், என்ன செய்யணும்?

வெட்னரி_நெல்லை:
ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, நாய்க்கென்று தனியாக வையுங்கள். நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் 2 செ.மீ. நுழைத்துப் பார்க்க வேண்டும். 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் இயல்பு. 104ஐத் தாண்டினால் உடனே குளிர்விக்கத் தொடங்குங்கள். 106 உயிருக்கு ஆபத்து.

ஈறு செங்கல் நிறமாகும், எச்சில் பிசின் மாதிரி கெட்டியாகும், பின்கால் தள்ளாடும், வாந்தி வரும். அப்போது வண்டி தேடி ஓடாதீர்கள். முதலில் குளிர்வித்தல், பிறகுதான் பயணம். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றி, ஃபேனை நேராக வையுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள், சில நிமிடத்தில் அதுவே சூடாகிக் கம்பளி போல் வெப்பத்தை அடைத்துக்கொள்ளும். நினைவிருந்தால் தானாகக் குடிக்கட்டும். வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். சில நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். 103க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்துங்கள், அதன் பிறகும் சூடு தானாக இறங்கிக்கொண்டிருக்கும்.

பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. இது காய்ச்சல் அல்ல, அந்த மாத்திரையால் குறையாது. நாயின் ஈரலையும் ரத்தத்தையும் அது கெடுக்கும்.

எழுந்து வாலை ஆட்டினாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகமும் ரத்தம் உறைவதும் கெடுவது அடுத்த 3 நாளில்தான் வெளியே தெரியும்: கறுத்த சிறுநீர், ரத்தக் கழிச்சல், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் மருத்துவமனை உண்டு. நேரத்தை இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள்.

இன்னொன்று, லேப் பாதிச் சாப்பாடு என்கிறீர்கள். விடியற்காலை 5 மணிக்கு, குளிர்ந்த வேளையில், ஒருமுறை சூடு பாருங்கள். அப்போதும் 103க்கு மேல் இருந்தால் காரணம் வெயில் இல்லை, உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். காது மடல், விரல் இடுக்கு, கொட்டகை வெடிப்பு எல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.