முதலில் துளையைப் பாருங்கள்: மறுசுழற்சிக் கண்ணாடி மணிகளோடு எங்கள் அனுபவங்கள்

மணி கோர்க்கும் உறுப்பினர்:

பழைய புட்டிகளையும் உடைந்த கண்ணாடித் துண்டுகளையும் கொண்டு கையால் செய்த மணிகளை அணிகலன்களில் பயன்படுத்துகிறவர்கள் அவரவர் அனுபவத்தை எழுதலாமே என்று தோன்றியதால் தொடங்குகிறேன். இம்மணிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நிறத்திலேயே நின்றுவிடுகிறது. நிறம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மணி சரத்தில் நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது அதன் துளை. ஆகையால் ஒரு கொத்து மணிகள் கைக்கு வந்ததும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்ப்பதற்கு முன்பே, துளையின் இரு வாய்களையும் சோதித்துவிடுவது என் வழக்கம். பட்டு நூலை இரட்டையாக மடித்து உள்ளே விட்டு நாலைந்து முறை முன்னும் பின்னும் இழுப்பேன். நூலில் பிசிறு எழுந்தால் அந்த மணியைத் தனியே வைத்துவிடுவேன்.

இந்தப் பழக்கம் வலுப்பட்டதற்கு, பழுதுபார்க்க வந்த ஒரு கழுத்தணி காரணம். நடுவில் பெரிய பச்சை மணி, இருபுறமும் அளவு குறைந்துகொண்டே போகும் சிறு மணிகள். எல்லாம் மெல்லிய எஃகு இழைகளை முறுக்கி நைலான் பூசிய உறுதியான கம்பியில் கோர்க்கப்பட்டிருந்தன. இத்தனை வலுவான கம்பி எப்படி அறுந்தது என்று அதை அணிந்தவருக்குப் புரியவில்லை. உருப்பெருக்கியில் பார்த்தபோது, பெரிய மணியின் துளை வாயில் ஊசிமுனை அளவு கண்ணாடி விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. கழுத்து அசையும்போதெல்லாம் கனமான மணி கம்பியின் மேல் முன்னும் பின்னுமாக ஆடியிருக்கிறது. அந்த விளிம்பு முதலில் நைலானைச் சுரண்டி, பிறகு உள்ளிருந்த எஃகு இழைகளை ஒவ்வொன்றாக அறுத்திருக்கிறது. அறுந்த முனையில் இழைகள் ஒரே நீளத்தில் இல்லாமல் படிப்படியாக நின்றதே அதற்குச் சான்று. கொக்கியின் அருகில் கம்பி அறுந்திருந்தால் அழுத்தி மூடும் குழல்மணியைச் சந்தேகிக்கலாம். பெரிய மணிக்குள் அறுந்தால் துளையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அந்த மணியை நான் தூக்கி எறியவில்லை. வைரத்தூள் பதித்த கூம்பு அரத்தால், மணியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்துக்கொண்டே, விளிம்பைத் தேய்த்து மழுக்கினேன். உலர்ந்த நிலையில் தேய்த்தால் அரமும் கெடும், சூடேறிய மணியும் விரிசல் விடும், கண்ணாடித் தூளும் மூச்சில் ஏறும். பிறகு பெரிய மணியின் இருபுறமும் தட்டையான இடைவட்டுகளை வைத்து மறுபடி கோர்த்துக் கொடுத்தேன்.

சுடரில் மணி செய்யும் உறுப்பினர்:

மேலே சொல்லப்பட்ட கூர் விளிம்பு எங்கிருந்து வருகிறது என்பதைச் செய்கிறவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மெல்லிய எஃகுக் கம்பியைக் களிமண் கலவையில் தோய்த்து உலர்த்தி, அதன் மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றுவோம். ஆறிய பிறகு மணியைக் கம்பியிலிருந்து கழற்றினால் கம்பி இருந்த இடம்தான் துளை. கம்பியில் கண்ணாடி தொடும் அகலத்திற்கு ஏற்ற அளவு கண்ணாடி மேலே ஏறினால், உருகிய கண்ணாடி தன் பரப்பு இழுவிசையால் உருண்டு, துளையின் வாய் உட்குழிந்து வழவழப்பாக அமையும். அகலம் அதிகமாகவும் கண்ணாடி குறைவாகவும் இருந்தால் வாய்ப்பகுதி மெலிந்து, ஓரம் ஒழுங்கில்லாத பல்லாக நின்றுவிடும். வாங்கும்போது மணியைப் பக்கவாட்டில் பாருங்கள். இரு முனைகளிலும் சிறு குழி தெரிந்தால் அது கவனமாகச் செய்த மணி.

புட்டிக் கண்ணாடியில் இதைச் சாதிப்பது கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். புட்டிகள் இயந்திரத்தில் விரைவாக வார்க்கப்படுபவை. அச்சில் விழுந்ததும் சட்டென்று இறுகும் வகையிலேயே அந்தக் கண்ணாடியின் கலவை அமைக்கப்படுகிறது. ஆகவே சுடரை விட்டு வெளியே எடுத்த கணத்திலேயே அது விறைத்துப்போகிறது. மணி செய்வதற்கென்றே விற்கப்படும் கண்ணாடிக் குச்சிகள் தரும் அவகாசத்தை இது தராது. பழுப்புப் புட்டி இன்னும் சண்டித்தனமானது. இரும்பும் கந்தகமும் சேர்ந்து அதற்கு அந்த நிறத்தைத் தருகின்றன, சூடு சற்று மிஞ்சினாலும் நுரைத்துக் குமிழி விடும். பச்சையும் கோபால்ட் நீலமும் அந்த அளவுக்குத் தொல்லை தருவதில்லை.

பலரும் கவனிக்காத இன்னொரு சிக்கல், இரண்டு புட்டிகளை ஒரே மணியில் சேர்ப்பது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயரும்போது கண்ணாடி எவ்வளவு நீள்கிறது என்பதைக் காட்டும் வெப்ப விரிவுக் குணகம், மென்மையான இத்தாலியக் குச்சிகளுக்கு 104 என்றும், ஆய்வகக் குடுவைகளின் போரோசிலிக்கேட் கண்ணாடிக்கு 33 என்றும் குறிக்கப்படுகிறது. புட்டிக் கண்ணாடி பெரும்பாலும் 85 முதல் 90 வரை இருக்கும். ஆனால் ஆலைக்கு ஆலை மாறும். இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று, ஒரே பச்சையாகத் தோன்றிய இரு வேறு புட்டிகளின் கண்ணாடியை வேண்டுமென்றே ஒரு மணியில் இணைத்து, முறையாக ஆறவைத்து, ஒளியை முனைவாக்கும் இரண்டு படலங்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தேன். படலங்களைக் குறுக்காகத் திருப்பியதும் பின்னணி இருண்டது, மணியும் இருண்டது, இரண்டு கண்ணாடிகளும் சந்தித்த கோட்டை ஒட்டி மட்டும் வெண்ணிற ஒளி பளிச்சென்று எரிந்தது. அந்த ஒளி, மணிக்குள் அடைபட்டிருக்கும் இழுவிசையின் அடையாளம். வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத அந்த மணி, சில நாட்கள் கழித்து மேசையில் சும்மா கிடந்தபோதே அந்தக் கோட்டின் வழியே பிளந்தது.

ஆகையால் 'ஒரு மணி, ஒரு புட்டி' என்பது என் கொள்கை. செய்து முடித்த மணியைச் சூளையில் ஏறக்குறைய 540 முதல் 550 டிகிரி செல்சியஸில் நிறுத்தி வைத்து, பிறகு மெதுவாக ஆறவிட வேண்டும். வெப்பத்தை மெதுவாக விடும் கனிமமான வெர்மிக்குலைட்டின் துகளுக்குள் புதைத்து ஆறவைப்பது மணி உடனே வெடிக்காமல் காக்கும். சூளை செய்யும் வேலையை அது செய்யாது. மணியைச் சூளையில் ஆறவைத்தீர்களா என்பதுதான் விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்பேன்.

காதணி மட்டும் செய்யும் உறுப்பினர்:

சிறிய செய்தி ஒன்று. சுடரில் செய்த மணிகளின் துளைக்குள் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தால் அது கம்பியில் பூசிய களிமண் கலவையின் மிச்சம். அதை ஊதி வெளியேற்றாதீர்கள். நீரில் ஊறவைத்துச் சிறு தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். அப்படியே கோர்த்தால் பொடி நூலை அரிக்கும், துணியிலும் உதிரும்.

தூள்கண்ணாடி மணிகளில் ஈடுபட்ட உறுப்பினர்:

இதுவரை எழுதியவர்கள் சுடர் மணிகளைப் பற்றி எழுதிவிட்டார்கள். நான் கையாள்பவை பெரும்பாலும் கானா நாட்டின் கிழக்குப் பகுதியில் வாழும் க்ரோபோ மக்கள் செய்யும் தூள்கண்ணாடி மணிகள். ஓடுமாசே க்ரோபோ என்ற ஊரில் ஒரு பட்டறையில் இவை உருவாவதைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. துளையைப் பற்றி இங்கு நடக்கும் பேச்சுக்கு அது நேரடியாகத் தொடர்புடையது.

அங்கே புட்டிகளைக் கனமான உரலில் இடித்து, மாவுபோல ஆகும்வரை சலிக்கிறார்கள். களிமண் அச்சின் குழிகளில் கண்ணாடி ஒட்டாதிருக்கக் கயோலின் என்னும் வெண்களிமண்ணைப் பூசி, தூளை நிரப்பி, ஒவ்வொரு குழியின் நடுவிலும் மரவள்ளி இலைக்காம்பின் ஒரு துண்டை நிறுத்துகிறார்கள். பல நிறங்கள் வேண்டுமென்றால் அடுக்கடுக்காகத் தூளை இடுகிறார்கள். அச்சு சூளைக்குள் போனதும் காம்பு எரிந்து மறைந்துவிடுகிறது. தூள் முழுவதும் உருகி ஓடாமல், துகளோடு துகள் ஒட்டும் அளவுக்கு மட்டும் இளகி நிற்கிறது. காம்பு இருந்த இடம் துளையாகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து வரும் கட்டம். அச்சு வெளியே வந்ததும், செஞ்சூடு தணியாத மணி ஒவ்வொன்றையும் இரண்டு இரும்புக் கூர்முனைகளால் பிடித்து, அச்சுக்குள்ளேயே சுழற்றுகிறார்கள். அந்தச் சுழற்சியில் துளையும் சீராகிறது, மணியும் உருண்டை பெறுகிறது. கைக்குக் கிடைக்கும் அவகாசம் சில நொடிகள்தான். ஆறிய பிறகு கல்லின் மேல் மணலும் நீரும் இட்டு உரசி மெருகேற்றுகிறார்கள்.

தூளுக்குப் பதிலாகச் சிறு சில்லுகளை அச்சிலிட்டுச் செய்யும் ஒளி ஊடுருவும் வகையும் உண்டு. அதில் காம்பு வைப்பதில்லை. சூடாக இருக்கும்போதே கூர்முனையால் குத்தித்தான் துளையிடுகிறார்கள். ஆகவே ஒரே பட்டறையிலிருந்து வந்த இரண்டு வகை மணிகளுக்கும் துளையின் குணம் வேறு. தூள்மணியின் துளை பெரும்பாலும் அகலமாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். மெல்லிய பட்டு நூலை அதில் விடுவது நூலுக்குச் செய்யும் அநியாயம். தோல் கயிறோ மெழுகிட்ட தடித்த பருத்திக் கயிறோ அதற்குப் பொருந்தும். முதலில் எழுதியவர் அரத்தால் தேய்க்கச் சொல்கிறார். சுடர் மணிக்கு அது சரி. தூள்மணியை அதிகம் தேய்த்தால் ஒட்டியிருக்கும் துகள்கள் பெயர்ந்து துளை இன்னும் கரடுமுரடாகும் என்பது என் அனுபவம். கயிற்றை மாற்றுங்கள், மணியை விட்டுவிடுங்கள்.

மறுசுழற்சி என்றதும் இது இன்றைய சூழலியல் அக்கறையில் பிறந்த புதிய வழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் மாபுங்குப்வேக்கு அருகிலுள்ள கே2 என்னும் தொல்லிடத்தில், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கடல் வணிகத்தில் வந்த சிறு கண்ணாடி மணிகளைக் களிமண் அச்சிலிட்டுச் சூடாக்கி ஒன்றிணைத்துப் பெரிய உருளை மணிகளாக மாற்றியிருக்கிறார்கள்; அந்த அச்சுகளும் கிடைத்துள்ளன. அந்தச் சிறு மணிகள், நம் அரிக்கமேட்டிலும் செய்யப்பட்ட இந்தோ-பசிபிக் வகையைச் சேர்ந்தவை என்பதைப் படித்தபோது என் மேசையிலிருந்த மணிகளை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தேன்.

மணி கோர்க்கும் உறுப்பினர்:

தூள்மணியைத் தேய்க்க வேண்டாம் என்ற திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். நான் எழுதியது சுடர் மணிகளை மனத்தில் வைத்துத்தான். ஆனால் கயிற்றை மட்டும் மாற்றினால் போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் எடையும் கணக்கில் வர வேண்டும். இந்தக் கண்ணாடியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.5 கிராம். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை மணி ஒன்று 2 கிராமுக்குச் சற்று மேல் வரும். 45 சென்டிமீட்டர் சரம் முழுவதையும் அவற்றால் நிரப்பினால் 80 கிராமை நெருங்கும். அந்த எடையில் பருத்திக் கயிறு நாளடைவில் நீண்டு, மணிகளுக்கு இடையே இடைவெளி விழும். எனவே அப்படிப்பட்ட சரங்களில் மணிக்கு மணி முடிச்சிடுவதையோ, பெரிய மணிகளை முன்பக்கம் மட்டும் வைத்துப் பின்பக்கத்தைக் கயிறாகவே விடுவதையோ நான் விரும்புகிறேன். காதணிக்கு 10 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. அந்த அளவிலேயே ஒரு மணி 1.3 கிராம் வரும், கொக்கியும் தொங்கலும் தனி.

அணிகிறவர்கள் அடிக்கடி கேட்பது ஈயத்தைப் பற்றி. உணவுப் புட்டிகளின் சோடா சுண்ணாம்புக் கண்ணாடியில் ஈயம் சேர்ப்பதில்லை. ஆனால் பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டிகளின் பின்பகுதிக் கண்ணாடியிலும் படிகக் கண்ணாடிக் கோப்பைகளிலும் ஈய ஆக்சைடு உண்டு. அவையும் 'மறுசுழற்சிக் கண்ணாடி' என்ற ஒரே பெயரில்தான் விற்பனைக்கு வரும். பளீரென்ற மஞ்சளுக்கும் சிவப்புக்கும் சேர்க்கப்படும் சில நிறமிகளில் காட்மியம் இருக்கலாம். எனவே எந்தக் கண்ணாடியிலிருந்து செய்தது, நிறம் புட்டியுடையதா, சேர்க்கப்பட்டதா என்று செய்கிறவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறேன். பதில் கிடைக்காத மணிகளைக் குழந்தைகளுக்கான அணிகளில் சேர்ப்பதே இல்லை. அவர்கள் வாயில் வைப்பார்கள்.

மங்கலான மேற்பரப்புள்ள மணிகளைப் பற்றியும் ஒன்று. கழுத்தின் பின்புறம் படும் மணிகள் தோலின் எண்ணெயை ஏற்றுச் சில வாரங்களில் நிறம் கூடியவைபோல் தோன்றும். முன்பக்க மணிகள் பழையபடி வெளிறியே இருக்கும். மணி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். வெதுவெதுப்பான நீரில் சிறிது மென்மையான சோப்பு கலந்து துணியால் துடைத்துக் காட்டினால் போதும். கயிற்றில் கோர்த்த சரமாக இருந்தால் நீரில் அமிழ்த்தாமல் ஈரத் துணியால் மட்டும் துடைத்து, தட்டையாகக் கிடத்தி உலரவிடச் சொல்லுங்கள். ஈரத்தோடு தொங்கவிட்டால் மணிகளின் எடையில் கயிறு இழுபட்டுவிடும்.