பைபாஸ் விபத்து முடிந்து 2 மாதம்: பயம் தெளிய வண்டியில் ஏற்றலாமா?

மேலூர் அக்கா:
தம்பிக்கு வயசு 26. பைபாஸ்ல லாரி இடிச்சதுல தோள்பட்டை எலும்பு முறிஞ்சது. பின்னாடி உட்கார்ந்திருந்த நண்பன் அங்கேயே இறந்துட்டான். எலும்பு கூடிடுச்சு. ஆனா ஏர் ஹாரன் கேட்டாலே வியர்த்துக் கொட்டுது, ராத்திரி அலறி எழுந்திரிக்கிறான், பைபாஸ் பக்கம் போகாம பஸ் மாறி மாறி வேலைக்குப் போறான். "வலுக்கட்டாயமா ஒரு தடவை வண்டியில ஏத்து, தெளிஞ்சிடும்"கிறார் சித்தப்பா. நடந்ததை ஒண்ணுவிடாம சொல்லவெச்சு அழவிடணும்கிறாங்க அத்தை. தூக்கத்துக்கு மெடிக்கல்ல அல்பிரசோலம் வாங்கித் தர்றோம். எது சரி?

கதிர்_உளவியல்:
முதல் மாதத்தில் இந்தக் குறிகள் பலருக்கும் வரும், பெரும்பாலும் தானாக அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் நினைவு வந்து தாக்குவது, ஒதுங்கிப் போவது, மனம் மரத்துப்போவது அல்லது குற்ற உணர்வு, எந்நேரமும் உடம்பு உஷாராக இருப்பது என நான்கும் சேர்ந்து வேலையைக் கெடுத்தால் பி.டி.எஸ்.டி-யா (பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) என்று பார்க்க வேண்டும். இனியும் காத்திருக்காதீர்கள்.

நோயை வளர்ப்பது அந்த ஒதுங்கல்தான். பைபாஸைத் தவிர்த்ததும் பயம் சட்டென்று இறங்கும். 'தப்பித்ததால்தான் பிழைத்தேன்' என்று மூளை பதிந்துகொள்ளும். சித்தப்பா வழியிலும் இதேதான் நடக்கும். பயம் உச்சத்தில் இருக்கும்போது தம்பி குதித்து இறங்குவார், பாடம் இரட்டிப்பாகும்.

அதனால் படிப்படியாக. 0 முதல் 100 வரை பயத்துக்கு அவரே மதிப்பெண் போடட்டும். நிறுத்திய வண்டியில் உட்காருவது 35, இன்ஜின் ஓடும்போது உட்காருவது 50, தெருவுக்குள் பின்சீட்டில் போவது 60, பைபாஸ் டீக்கடையில் நின்று லாரி சத்தம் கேட்பது 70, பைபாஸில் பின்சீட்டு 90 என்று வரலாம். 35-இல் தொடங்கி, மதிப்பெண் பாதியாகும்வரை அங்கேயே இருக்க வேண்டும். 30 முதல் 45 நிமிடம் ஆகலாம். அதே படியைச் சலிக்கும்வரை தினமும் செய்துவிட்டுத்தான் அடுத்தது. இயர்போன் மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தால் கணக்கில் சேராது. படியைத் தேர்ந்தெடுப்பது அவராகவே இருக்கட்டும்.

விபத்தைச் சொல்லவைப்பது தனி வேலை. பயிற்சி பெற்ற உளவியலாளர் வாரத்துக்கு ஓரிரு முறை, 60 முதல் 90 நிமிடம், 8 முதல் 15 அமர்வுகளில் செய்வது அது. ஒரே மூச்சில் கொட்டவைப்பதால் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் உண்டு. அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மருந்துச்சீட்டு:
அல்பிரசோலம் சீட்டில்லாமல் தரவே கூடாத மருந்து. சில நாள் தூங்கவைக்கும், நோயைத் தொடாது, சில வாரத்திலேயே பழக்கமாகிவிடும். அதைப் போட்டுக்கொண்டு மேலே சொன்ன படிகளில் ஏறினால், 'மாத்திரையால்தான் தாங்கினேன்' என்றுதான் மூளை எடுத்துக்கொள்ளும்.

மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவர் வழக்கமாகத் தொடங்குவது செர்ட்ராலின் அல்லது பராக்சிடின். செர்ட்ராலின் 25 அல்லது 50 மி.கி-இல் ஆரம்பிக்கும். முதல் வாரம் குமட்டலும் படபடப்பும் கூடலாம். 'ஒத்துக்கலை' என்று அங்கேயே விட்டுவிடுபவர்களும் உண்டு. பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும்.

தலையில் அடிபட்டதா? தலைவலி, மறதி, கிறுகிறுப்பு இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எல்லாமே மனசு என்று விட்டுவிட வேண்டாம்.

நர்மதா:
ராத்திரி அலறும்போது பிடித்து உலுக்காதீங்க. லைட்டைப் போட்டு, கை எட்டாத தூரத்தில் நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுங்க. இன்னைக்கு என்ன கிழமை, எந்த ஊர், யார் பேசறீங்கன்னு நிதானமா சொல்லுங்க. பாதம் ரெண்டும் தரையில படட்டும். தண்ணி கேட்டா கொடுங்க, கேள்வி வேண்டாம்.

அதே கனவு திரும்பத் திரும்ப வந்தால் பகல்ல ஒரு வழி உண்டு. கனவை எழுதி, முடிவை அவர் இஷ்டத்துக்கு மாத்தி, அந்தப் புதுக் கனவை மட்டும் தினமும் 10 முதல் 20 நிமிடம் மனசுல ஓட்டிப் பார்க்கணும். முதலில் சின்னக் கெட்ட கனவாப் பார்த்துப் பழகட்டும், விபத்துக் கனவு அப்புறம்.

"நான் ஓட்டினதாலதான் அவன் செத்தான்"னு சொன்னா, "உன் தப்பில்லை"ன்னு வாயடைக்காதீங்க. அந்த நொடியில பின்னாடி வர்ற லாரியைப் பத்தி அவருக்கு என்ன தெரிஞ்சிருக்க முடியும்னு கேளுங்க. சாகணும்னு பேச்சு வந்தா அன்னைக்கே மருத்துவமனை. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம்.

மேலூர் அக்கா:
மாத்திரை 3 வாரமா தினமும் போகுது. இன்னைக்கே நிறுத்திடவா?

மருந்துச்சீட்டு:
வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் அடியோடு போகும், வலிப்பும் வரலாம். அளவையும் நாளையும் குறித்துக்கொண்டு, அட்டையோடு மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர்கள் எழுதித் தருவார்கள். அதுவரை மது கூடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடலாம்.