படகு இடப்பக்கம் சாய்ஞ்சால் மட்டும் டீசல் மணம்: தாங்கியோ, குழாயோ?

சோளகம்27
வணக்கம். ஊர்காவற்றுறையில 27 அடிப் பாய்ப்படகு ஒண்டு வைச்சிருக்கிறன். பைபர் உடம்பு, உள்ளுக்கு சின்ன யன்மார் டீசல் எஞ்சின். தாங்கி அலுமினியம், ஒரு 70 லீற்றர் கொள்ளும். பின்பக்க இருக்கைக்குக் கீழ பலகையும் பஞ்சும் வைச்சு இறுக்கிக் கிடக்கு.

சோளகக் காத்துக்கு எதிரா நெடுந்தீவுப் பக்கம் வெட்டி வெட்டி ஓடேக்கை, இடப்பக்கம் சாய்ஞ்சால் டீசல் மணம் மூக்கை அடிக்குது. வலப்பக்கம் சாய்ஞ்சால் ஒண்டுமில்லை. வந்து பலகையைத் தூக்கினால் அடியில நிக்கிற தண்ணிக்கு மேல எண்ணெய் மினுங்குது. சும்மா கட்டி வைச்சிருக்கேக்கையும் மட்டம் இறங்குதோ எண்டு ஒரு சந்தேகம். உடுப்பெல்லாம் மணக்குது, இனி உந்தப் படகில ஏறமாட்டன் எண்டு மனுசி சொல்லிப்போட்டா.

தாங்கியைக் கழட்டுறதெண்டால் இருக்கைத் தளத்தை வெட்டவேணும். அதுக்கு முதல் ஓட்டை எங்கையெண்டு கண்டுபிடிக்க வழி இருக்கோ?

மயிலிட்டிக்கரை
ஏன் அண்ணை மினக்கெடுறியள்? வெட்டி எறிஞ்சுபோட்டு பிளாஸ்ரிக் கான் ஒண்டை வையுங்கோ. எங்கட வள்ளத்தில கான்தான், ஒரு கரைச்சலும் இல்லை.

பழையகிறீஸ்
தம்பி மயிலிட்டிக்கரை, உங்கட வள்ளம் மண்ணெண்ணெய் அவுட்போட். அதுக்குக் கான் காணும். உள் எஞ்சின் டீசலுக்கு, எரியாமல் மிஞ்சுற டீசல் திரும்பித் தாங்கிக்கு வாற குழாய் ஒண்டு இருக்கு, காத்துப் போக்கு வெளியில போகவேணும். சும்மா கானை வைச்சால் காலைக்கு எஞ்சின் அறை குளமாயிருக்கும்.

சோளகம், வாளைத் தூக்காதையுங்கோ. நீங்கள் எழுதினதிலயே பாதி விடை கிடக்கு. இடப்பக்கம் சாயேக்கை மட்டும் மணக்குதெண்டால், டீசல் இடப்பக்கச் சுவரில ஏறி தாங்கியின்ர மேல்தட்டைத் தொடுது. அந்தப் பக்க மேல்தட்டில என்ன பூட்டியிருக்கு எண்டு பாருங்கோ. அனேகமா மட்டம் காட்டுற மானியின்ர தட்டுத்தான். அஞ்சு ஆணி, நடுவில ஒரு வளைய றப்பர். அந்த றப்பர் காஞ்சு கல்லாப் போயிருக்கும். நேரா நிக்கேக்கை டீசல் அங்கை எட்டாது, அதால ஒருத்தரும் அதைச் சந்தேகப்படுறதில்லை. டீசல் ஊத்துற வாய்க்குழாயும் அப்பிடித்தான், நிரப்பின கையோட சாய்ஞ்சால் மட்டும் ஒழுகும்.

கட்டி வைச்சிருக்கேக்கை இறங்கிறது வேற கதை. இரண்டையும் போட்டுக் குழப்பாதையுங்கோ. டீசல் விழுந்த இடத்தில நிக்கிற சாமான் இல்லை. வரிச்சு வழியா ஊர்ந்து, அணியப் பக்கம் போய்க்கூடக் குளமா நிக்கும். ஈரம் நிக்கிற இடத்தில ஓட்டையைத் தேடுற ஆள் பொழுதுபடத் தேடுவான்.

முதல் எல்லாத்தையும் சவர்க்காரத் தண்ணியால கழுவித் துடைச்சு, நல்லாக் காயவிடுங்கோ. ஒவ்வொரு பூட்டுக்கும் கீழ பழைய பேப்பர் ஒரு துண்டு விரியுங்கோ. வடிகட்டிக் கிண்ணம், எஞ்சினில இருக்கிற சின்னப் பம், திரும்பிற குழாய் ஒண்டும் விடாமல். குழாய்க் கிளிப்புகளுக்கு முகப்பவுடர் தூவினால் ஒரு சொட்டு விழுந்தாலும் கறை காட்டும். பேந்து தாங்கிக்கிட்ட இருக்கிற வால்வைப் பூட்டிப்போட்டு, அளவுக் கோலில மட்டத்தைக் கீறி வையுங்கோ. வால்வு பூட்டியும் மட்டம் இறங்கினால் தாங்கிதான். இறங்காட்டி குழாய், எஞ்சின் பக்கம்.

தாங்கிதான் எண்டால் அவசரப்படாமல் இறங்கவிட்டுப் பாருங்கோ, கீழ ஒரு தட்டம் வைச்சு. மட்டம் எந்த உயரத்தில வந்து நிக்குதோ, ஓட்டை அந்த உயரத்தில. கடைசிச் சொட்டு வரைக்கும் போகுதெண்டால் அடித்தட்டு. இதுக்கு ஒரு சதம் செலவில்லை, ஆனால் பொறுமை வேணும். அதுதான் எங்கட ஆக்களிட்டை இல்லை.

காத்தடிச்சுப் பாக்கப் போறியளெண்டால் கொம்பிரசரைக் கிட்டவும் கொண்டு போகாதையுங்கோ. ஒரு பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) சின்னக் கணக்குத்தானே எண்டு நினைப்பியள். 60க்கு 40 சென்ரிமீற்றர் பக்கத்துக்கு அது கிட்டத்தட்ட 170 கிலோ தள்ளு. தட்டு ஊதிப் புடைச்சு, நல்லா இருந்த ஒட்டும் வெடிக்கும். எஞ்சின் குழாயைக் கழட்டி அடைச்சுப்போட்டு, தெளிஞ்ச பிளாஸ்ரிக் ரியூப்பை யு மாதிரி வளைச்சுத் தண்ணி விட்டுப் பூட்டுங்கோ. சைக்கிள் பம்பால மெல்ல அடியுங்கோ. இரண்டு பக்கத் தண்ணிக்கும் 50 சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தால் காணும். (70 எண்டால் ஒரு பிஎஸ்ஐ.) சவர்க்கார நுரையைப் பூசினால் குமிழி வரும்.

பஞ்சு வைச்சிருக்கு எண்டு எழுதினது எனக்குப் பிடிக்கேல்லை. அலுமினியத்தைக் காப்பாத்திறது மேல படிஞ்சிருக்கிற மெல்லிய படை, அது புதுப்பிக்கக் காத்து வேணும். உப்புத் தண்ணி குடிச்ச பஞ்சுக்குக் கீழ காத்து இல்லை. வெள்ளைப் பொடி கண்டால் அங்கை குழி விழுது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. பித்தளைப் பூட்டை நேரா அலுமினியத்தில முறுக்கியிருந்தால் அதுவும் தின்னும்.

இன்னொண்டு. கடல் மேல எஞ்சின் தேவைப்படேக்கை சின்ன ஊசி ஓட்டை கண்டால், உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரக் கட்டியை அழுத்தித் தேயுங்கோ. டீசலில அது கரையாது, கரை சேர்க்கும்.

சோளகம்27
ஐயா, நீங்கள் சொன்னபடி இரண்டுமே இருந்தது. மானித் தட்டின்ர றப்பர் வெடிச்சு, இடப்பக்க ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. அதைவிட, வால்வு பூட்டியும் மட்டம் இறங்கி, அடியில இரண்டு விரல் மட்டத்தில நிண்டுது. பஞ்சை இழுத்துப் பாத்தால் வெள்ளைப் பொடி கையில வருது. அந்தக் குழியை எபொக்சிப் பசையால அடைச்சு வைக்கலாமோ, இல்லாட்டி வெல்டிங்கோ?

பழையகிறீஸ்
றப்பருக்கு, டீசல் தாங்கிற நைட்ரைல் றப்பர் போடுங்கோ. சிலிக்கோனைப் பிதுக்கி விடாதையுங்கோ, டீசல் பட்டால் ஊதிக் கழண்டு வரும். அந்த அஞ்சு ஆணித் துவாரமும் சம இடைவெளியில இல்லை, ஒரு பக்கமாத்தான் பொருந்தும், பலவந்தம் பண்ணாதையுங்கோ. ஆணி மரைக்கும் டீசல் தாங்கிற ஒட்டுப் பசை தடவவேணும். இல்லாட்டி தட்டு ஒழுகாமல் ஆணி ஒழுகும்.

குழிக்கு எபொக்சி ஒரு சீசனுக்குப் பிடிக்கும், சுரண்டி, அசிற்றோனால துடைச்சு, எண்ணெய் ஒரு துளியும் இல்லாமல் போட்டால். ஆனால் ஒரு குழி துவாரமானால் பக்கத்தில அரைவாசி தின்னப்பட்ட குழி எத்தினையோ இருக்கும். வெல்டிங்காரன் சூடு காட்டினால் அதெல்லாம் சேர்ந்து திறக்கும். இன்னொண்டு, வெறும் தாங்கிதான் நிறைஞ்ச தாங்கியை விடப் பொல்லாதது. டீசல் சாதாரண வெக்கையில பத்தாது எண்டு துணிஞ்சு பிடிப்பினம். சுவரில ஒட்டின படலம் வெல்டிங் சூட்டில ஆவியாகி வெடிக்கும். கொதி நீராவியால கழுவி, தீப்பத்தாத வாயு நிரப்பத் தெரிஞ்ச ஆளிட்டை மட்டும் குடுங்கோ.

என்னட்டைக் கேட்டால் தளத்தை வெட்டிப் புதுசு செய்விக்கிறதுதான் நல்லது. கடல் அலுமினியம், 4 மில்லிமீற்றர், நடுவில அலை தடுக்கிற தட்டு, கைவிட்டுக் கழுவ ஒரு மூடி, அடியில தண்ணி சேருற சின்னக் குழி. டீசலுக்குக் கீழ நிக்கிற தண்ணியிலதான் கிருமி பெருகிக் கறுத்தக் களியா வளரும், அதின்ர புளிப்பு (அமிலம்) உள்பக்கத்தால தின்னும். 2022இல எரிபொருள் தட்டுப்பாட்டுக் கியூ காலத்தில வாங்கி ஒளிச்சு வைச்ச டீசலை மாசக்கணக்கா விட்ட ஆக்களின்ர வடிகட்டியைப் பாத்திருந்தால் விளங்கும்.

மயிலிட்டிக்கரை
சரி ஐயா, கான் கதையை விடுறன். பில்ஜில (படகின்ர அடியில) நிக்கிற எண்ணெய்த் தண்ணியைப் பம் பண்ணிக் கடலுக்க விட்டிடாதையுங்கோ அண்ணை, எங்கட வலையெல்லாம் உங்கைதான் கிடக்கு. பம்மின்ர தானியங்கிச் சுவிச்சை நிப்பாட்டுங்கோ. பழஞ்சீலையால ஒத்தி எடுத்து, கானில போட்டு கராஜில குடுங்கோ.

சோளகம்27
சுவிச்சை இண்டைக்கே நிப்பாட்டினன். தாங்கிக்குக் கீழ இனிப் பஞ்சு இல்லாமல் எதை வைக்கிறது ஐயா?

பழையகிறீஸ்
நியோபிறீன் றப்பர்ப் பட்டி, தண்ணி குடிக்காதது. தாங்கியில ஒட்டி, இடையில தண்ணி நிக்காமல் ஓட இடைவெளி விட்டு வையுங்கோ. வைக்க முதல் வெளியில வைச்சு 50 சென்ரிமீற்றர் சோதினையைச் செய்யுங்கோ. தளத்தை மூடினாப் பிறகு எனக்கு எழுதாதையுங்கோ.