குருட்டுப் புள்ளி டெஸ்ட்ல புள்ளி மறையவே மாட்டேங்குது, ஏன்?

கேள்வி:
போன் ஸ்கிரீன்ல இடது பக்கம் ஒரு கூட்டல் குறி, வலது பக்கம் ஒரு கருப்புப் புள்ளி, நடுவுல 5 செ.மீ. இடைவெளி. இடது கண்ண மூடிட்டு வலது கண்ணால கூட்டல் குறியவே பாக்குறேன், கைய நல்லா நீட்டித்தான் புடிச்சிருக்கேன், ஆனா புள்ளி ஓரத்துல தெரிஞ்சுக்கிட்டே இருக்கு. கண்ணுல ஏதும் கோளாறா? அப்புறம் நெஜமாவே பார்வையில ஓட்டை இருந்தா ஒத்தக் கண்ணால பாக்கும்போது கருப்பா ஒரு பொட்டு தெரியணும்ல, அதுவும் தெரியலையே?

பதில் 1:
இத வச்சு பயப்படாதீங்க, தூரம்தான் ஒத்து வரல. குருட்டுப் புள்ளிங்கிறது ஒவ்வொரு கண்ணோட பார்வையிலயும் எதுவுமே தெரியாத ஒரு சின்ன எடம், அது நேர்ப்பார்வையில இருந்து காதுப் பக்கமா சுமார் 15 டிகிரி தள்ளி இருக்கு. 5 செ.மீ. இடைவெளிய 60 செ.மீ. தள்ளி வச்சா 5 டிகிரி கூட வராது, புள்ளி அந்த எடத்துக்குப் போய்ச் சேரவே இல்ல. பேப்பர்ல 8 செ.மீ. விட்டு வரைஞ்சு 30 செ.மீ. கிட்ட நேரா புடிச்சு மெதுவா முன்ன பின்ன நகத்துங்க. புள்ளி 1 செ.மீ.க்குள்ள இருக்கட்டும், ஏன்னா அந்த தூரத்துல குருட்டுப் புள்ளியோட அகலமே கிட்டத்தட்ட 3 செ.மீ.தான். கண்ணு தன்னால புள்ளிப் பக்கம் ஓடப் பாக்கும், அத மட்டும் விடாதீங்க.

கேட்டவர்:
மறைஞ்சிருச்சு! அந்த எடம் வெறும் வெள்ளைப் பேப்பரா தெரியுது. புள்ளி மேல குறுக்க ஒரு நீளமான நீலக் கோடு போட்டுப் பாத்தேன், புள்ளியக் காணோம் ஆனா கோடு அறுபடாம ஓடுது, அது எப்படிங்க?

பதில் 2:
அந்தக் கோட்ட மூளைதான் இழுத்து முடிக்குது. நம்ம விழித்திரையில ஒளிய உணர்ற செல்லு பின்னாடி இருக்கு, நரம்பு இழைங்க அதுக்கு முன்னாடி ஓடுது, அந்த சுமார் 10 லட்சம் இழையும் ஒண்ணா சேந்து கண்ண விட்டு வெளிய போற வாசல்ல ஒளிய உணர்ற செல்லே கிடையாது, அந்த வாசல்தான் குருட்டுப் புள்ளி. ஆக்டோபஸுக்கு நரம்பு பின்பக்கமாவே கெளம்புறதால இந்தப் பிரச்சனையே இல்ல. 1660கள்ல மாரியோத்ங்கிற பிரெஞ்சுக்காரர் இதக் கண்டுபுடிக்கிற வரைக்கும் யாருக்கும் இது தெரியாமலே இருந்துச்சுன்னா மூளை எவ்வளவு சுத்தமா வேலை பாக்குதுன்னு பாருங்க.

கருப்பு ஏன் தெரியலன்னா, "இங்க இருட்டு"ன்னு சொல்றதுக்கும் ஒரு செல்லு வேணும். உங்க தலைக்குப் பின்னாடி இருக்குறது கருப்பாவா தெரியுது? அங்க தகவலே இல்ல, அவ்வளவுதான். சுத்தி இருக்குற நிறம், கோடு, டிசைன் எல்லாத்தையும் மூளை உள்ள நீட்டிருது. குரங்குகள வச்சு நடந்த ஆய்வுல, குருட்டுப் புள்ளிய முழுசா மூடுற மாதிரி ஒரே நிறப் பரப்பக் காட்டுனா முதல்நிலைப் பார்வைப் புறணியில (கண்ணுல இருந்து வர்ற தகவல் முதல்ல போய்ச் சேர்ற மூளையோட மேல்பகுதி) அந்த எடத்துக்கான செல்லுங்களே வேலை செஞ்சுச்சு. ஆனா உள்ளயே முழுசா அடங்கிப் போற சின்னப் பொருள மூளையால கண்டுபுடிக்க முடியாது, உங்க புள்ளி காணாமப் போனது அதனாலதான். ரெண்டு கண்ணும் தொறந்திருந்தா ஒண்ணு விட்டத இன்னொண்ணு பாத்துரும்.

பதில் 3:
ஒண்ணு சேத்துச் சொல்லிடறேன். கிளாக்கோமாங்கிற கண் நரம்பு பாதிக்குற நோயில பார்வை கொஞ்சங் கொஞ்சமா போறது தெரியாம இருக்குறதுக்கு இந்த நிரப்புற வேலையும் ஒரு காரணம், கருப்பா எதுவும் தெரியாததால எல்லாம் சரியா இருக்குன்னே நெனச்சுக்குவோம். வீட்டு டெஸ்ட் அதுக்குப் பத்தாது, குடும்பத்துல யாருக்காவது அது இருந்தா கண் டாக்டர்கிட்ட கண் அழுத்தமும் பார்வைப் புலமும் (நேரா பாக்கும்போது சுத்தி எவ்வளவு தூரம் தெரியுதுங்கிறது) பாத்துக்கோங்க. திடீர்னு திரை விழுந்த மாதிரி ஒரு பக்கம் மறைஞ்சா அன்னிக்கே ஆஸ்பத்திரி போயிருங்க.