கை அளக்கும் நாடா யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பில் வெள்ளத்தால் இடம்பெயர்ந்த சனங்கள் தங்கியிருக்கும் முகாமொன்றில் தொண்டராக நிற்கிறேன். சோறும் பருப்பும் கிடைக்கிறது, ஆனாலும் சின்னப் பிள்ளைகள் மெலிவது கண்ணுக்கே தெரிகிறது. குடும்பநல உத்தியோகத்தருடன் சேர்ந்து 6 முதல் 59 மாதப் பிள்ளைகளின் மேற்கைச் சுற்றளவை அளக்கப் போகிறோம். 115 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் கடும் மந்தபோசணை. இரண்டு பாதமும் வீங்கி, பெருவிரலால் அழுத்தக் குழி விழுந்தாலும் அப்படித்தான், கை எந்த அளவு காட்டினாலும்.

தையல் நாடாவில் ஆளுக்கொரு அளவு வருகிறது. கை அளக்கவென்றே வரும் பச்சை, மஞ்சள், சிவப்பு மூவர்ண நாடா இருந்தால் தந்துதவுங்கள். மற்றது, பிள்ளைகளின் பிறந்த திகதி எழுதிய கிளினிக் புத்தகங்கள் வெள்ளத்தோடு போய்விட்டன. வயது தெரியாத பிள்ளைகளை 65 முதல் 110 சென்ரிமீற்றர் உயரம் பார்த்துச் சேர்க்கலாமாம். அப்படிச் செய்து பழகியவர்கள் எப்படி என்று சொல்லித் தாருங்கள். கடந்த 7 நாளில் வீட்டில் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று கேட்கும் வினாத்தாள் தமிழில் இருந்தாலும் அனுப்புங்கள்.