வான் ஹெல்மான்ட்டின் வில்லோ மரச் சோதனை: எங்கே பிசகியது?

கேள்வி: பிரஸ்ஸல்ஸ் மருத்துவரும் ரசவாதியுமான வான் ஹெல்மான்ட், மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவுகட்டியது எப்படி? சோதனையின் செய்முறை என்ன?

பதில் 1: அடுப்பில் காயவைத்த 200 பவுண்டு மண்ணைத் தொட்டியில் கொட்டி, மழைநீரால் நனைத்து, 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டார். தூசி விழாமலிருக்க, நிறைய ஓட்டைகள் போட்ட, வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டால் மூடினார். மழைநீரோ வடித்த நீரோ மட்டும்தான் ஊற்றினார். 5 ஆண்டில் மரம் 169 பவுண்டும் சுமார் 3 அவுன்ஸும் ஆனது. மண்ணைத் திரும்பக் காயவைத்து நிறுத்தபோது குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான்! நான்கு இலையுதிர் காலத்தில் உதிர்ந்த இலைகளை அவர் எடைபோடவில்லை.

பதில் 2: அளவெடுத்த விதம் அருமை, கணக்கில் சேர்க்காமல் விட்டது காற்றை. அந்த 2 அவுன்ஸில் மரம் உறிஞ்சிய தாது உப்பும் இருந்திருக்கும். இத்தனைக்கும், 62 பவுண்டு கரியை எரித்தால் 1 பவுண்டு சாம்பல்தான் மிஞ்சும், மற்றது ‘ஸ்பிரிட்டஸ் சில்வெஸ்ட்ரிஸ்’ (காட்டு ஆவி, இன்று நாம் சொல்லும் கார்பன் டை ஆக்சைடு) ஆகப் போய்விடும் என்று எழுதியவரே அவர்தான். வாயுவைக் குறிக்கும் ‘கேஸ்’ என்ற சொல்லும் அவர் தந்தது. மரத்துக்குக் கார்பன் கொடுத்தது அந்த வாயுதான். கரியையும் வில்லோவையும் அவர் முடிச்சுப் போடவில்லை.

பதில் 3: காயப்படுத்திய ஆயுதத்தில் களிம்பு தடவினால் காயம் ஆறும் என்று அவர் எழுதிய 1621 நூலால் திருச்சபை விசாரணை, 1634-ல் கைது, பிறகு வீட்டுக்காவல். 1644-ல் இறந்தார். வில்லோ சோதனை அடங்கிய ‘ஓர்ட்டஸ் மெடிசினே’ என்ற நூலை மகன் வெளியிட்டது 1648-ல்.